கார்னர் பார்க்: ராத்திரி தங்கலாமா, குளித்துவிட்டுக் கிளம்பலாமா?

புளியோதரை (ஹூஸ்டன்):
டெக்சஸில் ஃப்ரியோ ஆற்றங்கரையில் இருக்கும் கார்னர் ஸ்டேட் பார்க்குக்கு ஜூனில் இரண்டு குடும்பமாகப் போகிறோம். டென்ட் போட்டுத் தங்கலாம் என்கிறேன் நான். பகலில் குளித்துவிட்டு பக்கத்து ஊரான யுவால்டியில் ரூம் எடுக்கலாம் என்கிறார் மனைவி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்:
அங்கேயே தங்காமல் யுவால்டி வரை வண்டி ஓட்டுவானேன்? பத்து மணிக்கு மேல் ஆற்றில் தண்ணீரைவிட ஆட்கள் ஏறி மிதக்கும் டியூப்தான் அதிகம். விடிந்ததும் இறங்கிப் பாருங்கள். சைப்ரஸ் மர வேரைப் பிடித்துக்கொண்டு கால் வைத்தால் முழங்கால் வரை விறைக்கும். அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும். ஸ்பானிஷில் ஃப்ரியோ என்றாலே குளிர்தான். கோடை ராத்திரிகளில் ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு நடனம் வேறு, 1940களிலிருந்து நடக்கிறது. பார்க்கிங் நிறைந்தால் கேட்டை மூடிவிடுவார்கள். உள்ளே தங்கியிருந்தால் அந்தக் கவலை இல்லை.

மேட்டுநிலம்:
அதெல்லாம் சரி தம்பி, 2025 ஜூலை 4 அதற்குள் மறந்துவிட்டதா? விடிவதற்குள் இதே டெக்சஸில் ஹன்ட் என்ற ஊர்ப் பக்கம் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஃப்ரியோவும் அதே மலைநாட்டு ஆறுதான். சுண்ணாம்புப் பாறை, மேலே கொஞ்சம் மண். பெய்த மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடி வரும். டென்டுக்கு மேலே நட்சத்திரம் தெரியும், பத்து மைல் வடக்கே கொட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் கரையில் படுக்க மாட்டேன்.

கரையோரம்:
நாலு தடவை தங்கியிருக்கிறேன் அண்ணா. எனக்கு வந்த ஒரே ஆபத்து ரக்கூன். கூலர் மூடியைத் திறந்து இட்லியை முழுக்கத் தின்றுவிட்டு, மிளகாய்ப்பொடி டப்பாவை மட்டும் தள்ளி வைத்திருந்தது.

மேட்டுநிலம்:
நாலு தடவை வரவில்லை என்றால் ஐந்தாம் தடவை வராதா? இட்லி போனால் மறுபடி வேகவைக்கலாம்.

கல்அடுப்பு:
இரண்டு பேரும் ஆற்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பார்க் முழுக்கக் கரை இல்லை. புக் செய்யும்போது மேப்பைப் பார்த்து ஆற்றைவிட்டுத் தள்ளி, உயரமான இடமாக எடுங்கள். அலாரம் அடிக்கும் வானிலை ரேடியோ ஒன்றும் வாங்குங்கள். நாங்கள் போனபோது செல்போனில் பாதி நேரம் சிக்னலே இல்லை. 1930களில் கட்டிய பழைய கேபின்களும் உண்டு, ஆனால் ஐந்து மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடும், கோடைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம், வெளிப்படையாக பீர் குடிக்கக் கூடாது. நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புளியோதரை:
நன்றி அக்கா. வீட்டில் காட்டினேன், 26 அடியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். கேபின் கிடைத்தால் பார்க்கலாமாம்.

கரையோரம்:
கேபினோ மேடோ, விடியற்காலைக் குளியலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேட்டுநிலம்:
வெளிச்சம் வந்தபின் தாராளமாக இறங்கட்டும். முந்தின ராத்திரி ஆற்றின் மேல்பக்கம் லேக்கி ஊர்ப் பக்கம் இடி இடித்திருந்தால் அதுவும் வேண்டாம்.