பைனல்ல 14 கில் அடிச்ச பய ஹேக்கரா இல்லையா, எப்படி முடிவு பண்றது? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லியாகணும்

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சங்கடத்துல மாட்டிக்கிட்டேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க. எங்க ஊர்ல செல்போன் கடை வச்சிருக்க ஒரு அண்ணன் பொங்கல் லீவுக்கு பிஜிஎம்ஐ (செல்போன்ல டீம் டீமா சுட்டு ஆடுற கேம்) போட்டி வச்சாரு. என்ட்ரி காசெல்லாம் கெடையாது, கஸ்டம் ரூம் (நாங்களே ஆள் சேத்துப் போடுற தனி மேட்ச்), எராங்கல்ங்கிற மேப் மட்டும், மூணு மேட்ச், ஜெயிக்கிற டீமுக்கு 5000 ரூவா அவரு கைக்காசு. ரூம் போடுறது, பாயிண்ட் கூட்டுறது, ஸ்பெக்டேட்டரா (ஆடாம பாக்குறவனா) உக்காந்து ரெக்கார்ட் பண்றது பூராம் என் தலைல விழுந்துச்சு, நான் விளையாடல.

ஜெயிச்சது உசிலம்பட்டி பக்கத்து டீம். அதுல ஒரு பய, பதினாறு வயசு தான், இதுக்கு முன்னாடி அவன் பேர ஒருத்தனும் கேள்விப்பட்டதில்ல, கடைசி மேட்ச்ல மட்டும் 14 கில். ரெண்டாவதா வந்தது எங்க மாமா பையன் டீம், இத மறைக்க விரும்பல. மேட்ச் முடிஞ்ச நிமிசத்துல இருந்து வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சலம்பல், ஹேக்கர் (திருட்டு ஆப் போட்டு ஆடுறவன்) ஹேக்கர்னு அந்தப் பயல ஓட்டி எடுத்துட்டாய்ங்க. அவன் ஒத்த வார்த்த பதில் போடாம குரூப்ப விட்டுப் போயிட்டான். போனதுனாலயே அவன் தான்னு இன்னொரு ரவுண்டு பேச்சு.

குறை சொல்றவங்க காட்டுறது மூணு கிளிப். மேப்ல ஜார்ஜோபூல்ங்கிற எடத்துல கண்டெய்னர்கிட்ட ஸ்மோக்குக்குள்ள (புகைக் குண்டு புகைக்குள்ள) சுட்டு ரெண்டு பேர நாக் பண்றான் (சாய்க்கிறான்). இன்னொண்ணுல கதவு திறந்த அடுத்த நொடி எதிராளி தலைல விழுகுது. மூணாவது, எம்416 துப்பாக்கில சிக்ஸ் எக்ஸ் ஸ்கோப் போட்டு விடாம ஸ்ப்ரே அடிக்கிறான், துப்பாக்கி ஆடவே மாட்டேங்குது. பரிசு ஞாயித்துக்கிழமை. கடைக்காரரு நீ என்ன சொல்றியோ அதான்டா முடிவுன்னுட்டாரு. எனக்கு தூக்கம் போச்சு. எதப் பாத்து முடிவு பண்றது?

ஜிகர்தண்டா_டபுள்:

இதுல என்னத்த யோசிக்கிறது மாப்ள, ஸ்மோக்குக்குள்ள கண்ணு தெரியுமா அவனுக்கு? தூக்கி வெளிய போட்டு ரெண்டாவது டீமுக்கு காசக் குடு, சோலி முடிஞ்சது.

சிம்மக்கல்_ஸ்கோப்:

ஜிகர்தண்டா தம்பி சும்மா இரு. ரெண்டாவது டீம் யாருன்னு படிச்சியா, அவரு சொந்தக்காரப் பய. இப்படி காசு மாறுச்சுன்னா ஊரே காறித் துப்பும்.

நான் ரெண்டு வருசம் ஸ்க்ரிம் (டீமுக ஆடுற பயிற்சி மேட்ச்) ரூம் பாத்துக்கிட்டவன், அந்த அனுபவத்துல சொல்றேன். மொதல்ல அந்த மூணு கிளிப்பையும் மூடி வைங்க. கில் கிளிப்ப மட்டும் வெட்டிப் பாத்தா உலகத்துல நல்லா ஆடுற அத்தன பேரும் ஹேக்கர் தான். மிச்சம் இருக்க இருபத்தஞ்சு நிமிசத்தப் பாருங்க, அவன் ஒண்ணும் செய்யாம லூட் (துப்பாக்கி, சாமான்) எடுத்துக்கிட்டு திரியுற நேரம் இருக்குல்ல, அங்க தான் விசயம் இருக்கு. சுவத்துக்கு அந்தப்பக்கம் ஆள் தெரியுற மாதிரி ஈஎஸ்பிங்கிற ஹேக் போட்டவன் ஆள் இருக்க எடத்துல நல்லா நடிப்பான், ஆள் இல்லாத எடத்துல நடிக்க மறந்துருவான். நேர்மையா ஆடுறவன் காலி வீட்டுக்குள்ள போனாலும் மூலைய எட்டிப் பாப்பான், மாடிப்படிக்கு துப்பாக்கிய தூக்குவான், சும்மாவே பயந்து குனிவான். ஏன்னா அது காலின்னு அவனுக்குத் தெரியாது. ஈஎஸ்பி காரன் நம்ம வீட்டு அடுப்படிக்குள்ள போற மாதிரி விறுவிறுன்னு போவான், எப்பயாச்சும் ஒருதடவ மட்டும் திடீர்னு பம்மி நடப்பான், பாத்தா அங்க மட்டும் ஆள் இருக்கும்.

அடுத்தது குறி எங்க நிக்குதுன்னு பாருங்க. ஆடிப் பழகுனவன் கதவு ஓரத்துல, ஜன்னல் விளிம்புல, தலை எங்க வரும்னு நெனைக்கிறானோ அந்த எடத்துல குறிய வச்சிட்டு காத்திருப்பான். அது அனுபவம். வெறும் சுவத்துல குறி வச்சு, சுவத்துக்குப் பின்னாடி ஆள் நடக்க நடக்க இவன் குறியும் கூடவே நகந்துச்சுன்னா அது அனுபவம் இல்ல, அவன் கண்ணுக்கு ஆள் தெரியுது. ஒரு தடவ நடந்தா விட்டுருங்க, ஒரே மேட்ச்ல மூணு நாலு தடவன்னா குறிச்சு வைங்க.

ஒவ்வொரு கில்லுக்கும் இது இவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு மட்டும் கேளுங்க. காலடிச் சத்தம் கேட்டுச்சா, மினிமேப்ல (ஸ்க்ரீன் மூலைல இருக்க குட்டி மேப்ல) அடையாளம் விழுந்துச்சா, எதிராளி சுட்டானா, அதுக்கு முன்னாடி அந்த எடத்துல பாத்தானா. இது எதுவுமே இல்லன்னாலும் கூட்டாளி மைக்ல சொல்லிருப்பான், அது உங்க ஸ்பெக்டேட்டர் ரெக்கார்டிங்ல வந்திருக்காது! இத நெறைய பேரு மறந்துர்றாய்ங்க. அவங்க டீம்ல எவனாச்சும் சொந்த ஃபோன்ல சத்தத்தோட ரெக்கார்ட் பண்ணிருக்கானான்னு கேளுங்க.

ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி உதறுறது) கதைய நான் நம்ப மாட்டேன். ஜைரோ (ஃபோன சாச்சா குறி நகர்ற வசதி) எப்பவும் ஆன்ல வச்சு நாலு விரல்ல ஆடுற பயலுக கைய நேர்ல பாத்தா அசந்து போவீங்க, ஃபோன லேசா சாச்சே துப்பாக்கிய கீழ அமுக்கிருவாய்ங்க. சந்தேகம்னா சுவத்துல விழுந்த குண்டு அடையாளத்தப் பாருங்க. மனுசன் அடிச்சா கொஞ்சம் அங்குட்டு இங்குட்டு சிதறி, தப்பாப் போயி, திரும்ப வரும். அத்தனையும் ஒரே பொத்தல்ல, எத்தன தடவ அடிச்சாலும் அச்சு மாறாம விழுந்தா அப்பப் பேசுவோம்.

மேலூர்_கேபிள்காரன்:

ஊர் ஊரா நெட் லைன் இழுக்குறவன் நான், கதவு கிளிப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். இதுக்கு பீக்கர்ஸ் அட்வான்டேஜ்னு பேரு. அசையாம காத்திருக்கவன விட, ஓரத்துல இருந்து பாய்ஞ்சு வர்றவன் தான் மொதல்ல பாப்பான். அவன் நகந்த சேதி அவன் ஃபோன்ல இருந்து சர்வருக்குப் போயி, அங்கருந்து உன் ஃபோனுக்கு வந்து சேரணும்ல, அது வர்ற வரைக்கும் உன் ஸ்க்ரீன்ல அவன் இன்னும் சுவத்துக்குப் பின்னாடி தான் நிக்கிறான், அவன் ஸ்க்ரீன்ல நீ தெரிஞ்சாச்சு. ரெண்டு பேருக்கும் 50, 60 பிங் (சேதி சர்வருக்குப் போயித் திரும்புற நேரம்) இருந்தாலே அவனுக்கு சொளையா ஒரு 50, 60 மில்லிசெகண்ட் (நொடில ஆயிரத்துல ஒரு பங்கு தான் மில்லிசெகண்ட்) லாபம். கண்ணால பாத்து விரல அமுக்க சாதாரண ஆளுக்கு 200ல இருந்து 250 மில்லிசெகண்ட் ஆகும், அதுல கால்வாசி அவனுக்கு ஓசில கெடைக்கிது. செத்தவனுக்கு என்ன தோணும், திறந்த ஒடனே அடிச்சுட்டான் பாவின்னு தோணும். சுவத்துக்குள்ள போயி ஒளிஞ்சப்பறமும் செத்தேன்னு கத்துறதும் இதே கணக்கு தான்.

இன்னொரு கணக்கு, ஓட்டப்பந்தயத்துல துப்பாக்கி வெடிச்சு 100 மில்லிசெகண்டுக்குள்ள கால எடுத்தா அது ஃபால்ஸ் ஸ்டார்ட்டு, சத்தம் கேட்டு ஓடல, முன்னாடியே ஓட ஆரம்பிச்சுட்டான்னு தான் அர்த்தம். நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடுற வீடியோல ஆறு ஃப்ரேம் தான் 100 மில்லிசெகண்டு. ஆள் தெரிஞ்சு ஆறு ஃப்ரேமுக்குள்ள தலைல விழுகுறது ஒரு தடவன்னா குருட்டு அதிர்ஷ்டம், இல்ல சத்தம் கேட்டு முன்னாடியே சுட ஆரம்பிச்சிருப்பான். திரும்பத் திரும்ப அப்படின்னா மனுசக் கை இல்ல. ஆனா இத ஸ்பெக்டேட்டர் வீடியோல எண்ணாதீங்க. அதுல வர்றது துண்டு துண்டா வர்ற டேட்டா, நடுவுல இருக்கத உங்க ஃபோனே ஒப்பேத்தி ரொப்புது, அதான் குறி வெடுக்குன்னு தாவுற மாதிரி தெரியும். அவனோட சொந்த ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இருந்தா மட்டும் எண்ணலாம்.

தெப்பக்குளம்_தவளை:

மேல ரெண்டு அண்ணன்களும் ஆட்டத்தப் பத்தி சொல்லிட்டாங்க, நான் அந்தப் பயலப் பத்தி சொல்றேன். 2016ல கொரியாவுல ஒரு பொண்ணு, 17 வயசு, ஓவர்வாட்ச்ங்கிற கேம்ல ஸார்யாங்கிற கேரக்டர வச்சு அம்புட்டு துல்லியமா ஆடுச்சு, எதிர் டீம்காரனுக எய்ம்பாட்னு (தானா குறி வைக்கிற ஹேக்) சொல்லி கெளப்பி விட்டாய்ங்க. அந்தப் பொண்ணு ஸ்டுடியோவுல போயி உக்காந்து, கை தெரியுற மாதிரி கேமரா வச்சு, லைவ்ல ஆடிக் காட்டுச்சு. கேம் கம்பெனியும் ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ஓவர்வாட்ச் லீக்ல சேந்த மொதப் பொண்ணு அது தான். கெகுரின்னு பேரு, கொரிய மொழில தவளையாம், அதனால எனக்கு அது மேல ஒரு தனிப் பாசம்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும்ல. 2018ல ஷாங்காய்ல கவுண்டர் ஸ்ட்ரைக்ங்கிற சுடுற கேம்ல பெரிய போட்டி, நம்ம இந்தியா டீம் ஆள் ஒருத்தர் மேடைலயே மாட்டுனாரு, ஹேக் ஃபைலுக்கு வேர்ட் டாட் ஈஎக்ஸ்ஈன்னு பேரு வச்சிருந்தாரு, என்னமோ ஆபீஸ் லெட்டர் அடிக்க வந்த மாதிரி. டீமே கலைஞ்சு போச்சு. அதனால சின்னப் பய, நல்ல பயன்னு சும்மா விடுங்கன்னு நான் சொல்ல வரல.

அந்த கவுண்டர் ஸ்ட்ரைக் கம்பெனிக்காரங்களே 2018ல ஒரு மாநாட்டுல சொன்ன கணக்கு இது. ஆடுறவங்க ரிப்போர்ட் பண்ணி விசாரணைக்கு வந்த கேஸ்ல 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் தான் ஹேக்குன்னு தீர்ப்பாச்சாம். அப்ப மிச்சத்துல பெரும்பாலும் தோத்த வயித்தெரிச்சல் தானே. உங்க குரூப் மட்டும் என்ன வானத்துல இருந்தா குதிச்சிருக்கு.

ஒரு வேல பண்ணுங்க அண்ணே. அந்தப் பயல மட்டும் தனியா கூப்ட்டு ஆடிக் காட்டுடான்னு சொல்லாதீங்க, அது நடுத்தெருவுல வச்சு சட்டையக் கழட்டச் சொல்ற மாதிரி. முதல் மூணு டீமையும் கூப்புடுங்க, எல்லாத்துக்கும் ஹேண்ட்கேம் (கை தெரியுற கேமரா), எல்லாத்துக்கும் ஒரே விதி. உங்க மாமா பையன் டீமும் சேத்துத் தான்.

ஜிகர்தண்டா_டபுள்:

சரி சரி, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஸ்மோக்குக்கு இன்னும் எவனும் பதில் சொல்லல பாத்துக்கங்க.

திருமங்கலத்தான்:

ரெண்டு ராத்திரி உக்காந்து பாத்துட்டு வந்து எழுதுறேன். பொண்டாட்டி வையிறா.

மொதல்ல அந்தப் பய நம்பருக்கு ஃபோன் போட்டேன், எடுத்தது அவங்க அம்மா. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க நம்பர் குடுத்துத் தான் ஆடணும், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தான் விடும்ல, அதே நம்பரத் தான் எங்கிட்டயும் குடுத்திருக்கான். எம்பையன் எதும் தப்புப் பண்ணிட்டானாய்யா, ரெண்டு நாளா சரியா சாப்புடலன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, இல்லம்மா வீடியோ ஒண்ணு வேணும்னு மட்டும் சொன்னேன். அவன் ரெக்கார்ட் பண்ணல, அவன் கூட்டாளி ஒருத்தன் மைக் சத்தத்தோட எடுத்து வச்சிருந்தான், அனுப்பி விட்டாய்ங்க.

ஸ்மோக்குக்கு பதில் அதுல இருக்கு ஜிகர்தண்டா. மஞ்சக் கண்டெய்னருக்கு இடது கைப்பக்கம் ரெண்டு பேரு குத்த வச்சிருக்காய்ங்கடான்னு மாடில இருந்து கூட்டாளி தொண்டை கிழியக் கத்துறான், அப்ப ஸ்மோக் இன்னும் விரியவே இல்ல. இவன் அந்த எடத்துக்கு சுடுறான், முக்காவாசி குண்டு தகரத்துல தான் படுது. 14 கில்லுல நாலு பேரு ஒரே டாசியா கார்ல வந்தவங்க, கார் வெடிச்சு மொத்தமா போனாய்ங்க, அத கூட்டிக் கழிச்சுட்டுப் பாத்தா ஒண்ணும் பெரிய அதிசயமா தெரியல. அதுவும் போக, புல்லுல படுத்திருந்த ரெண்டு பேர இருபது மீட்டர்ல தாண்டிப் போறான், திரும்பிக் கூடப் பாக்கல, முதுகுல வாங்கி பாதி உசுரு போயி ஓடுறான். ஒரு காலி ரூமுக்குள்ள ரெண்டு கிரனேடு வேற வீசுறான். ஆள் தெரியுறவன் இப்படியா செய்வான். கதவு கிளிப் ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல, சத்தமும் இல்ல, கூட்டாளியும் ஒண்ணும் சொல்லல. அத அப்படியே விட்டுட்டேன். பரிசு அவங்களுக்குத் தான்னு கடைக்காரர்கிட்ட சொல்லியாச்சு.

இப்ப வேற ஒரு பிரச்சன. சிம்மக்கல் அண்ணன் சொன்னாருல்ல, ஒண்ணும் செய்யாம திரியுற நேரத்தப் பாருன்னு. ஸ்பெக்டேட்டர்ல நான் பாதி நேரம் எங்க மாமா பையன் மேல தான் கேமராவ வச்சிருந்தேன், சொந்தக்காரப் பயலாச்சேன்னு. ரெண்டாவது மேட்ச்ல மேப்ல இருக்க ஸ்கூல் பக்கத்து அபார்ட்மெண்ட்ல லூட் எடுக்குறான், ஒரு ரூமக் கூட எட்டிப் பாக்கல, நேரா நேரா போறான். திடீர்னு நின்னு வெறும் சுவத்தப் பாக்குறான், குறி மெதுவா இடதுல இருந்து வலது பக்கம் நகருது. மினிமேப்ல ஒண்ணும் இல்ல. அப்பறம் ஜன்னல் வழியா குதிச்சு நேரா போயி, படுத்துக்கிடந்த ஒருத்தன அடிக்கிறான். ஒரு தடவன்னா விட்டுருப்பேன். மூணு தடவ எண்ணிட்டேன். குரூப்ல ஹேக்கர்னு மொதல்ல எழுதுனவனும் அவன் தான்.

சிம்மக்கல்_ஸ்கோப்:

ஐயய்யோ. அண்ணே அவசரப்படாதீங்க, அந்தப் பயலுக்கு என்ன சலுகை குடுத்தீங்களோ அதே சலுகை இவனுக்கும் உண்டு. அவன் டீம் மைக் ரெக்கார்டிங்க மொதல்ல கேளுங்க, எவனாச்சும் சொல்லிருக்கலாம். அப்பறம் ஃபோன சாதாரணமா வாங்கி செட்டிங்ஸ்ல மத்த ஆப் மேல தெரியுறதுக்கு எந்தெந்த ஆப்புக்கு அனுமதி குடுத்திருக்கான்னு ஒரு பார்வ பாருங்க, கேம விர்ச்சுவல் ஸ்பேஸ் (ஒரு ஆப்ப இன்னொரு ஆப்புக்குள்ள ஓட்டுறது) மாதிரி எதுலயாச்சும் வச்சு ஆடுறானான்னும் பாருங்க. சுத்தமா இருந்தாலும் அழிச்சுட்டான்னு சொல்லிராதீங்க.

திருமங்கலத்தான்:

மைக் ரெக்கார்டிங் கேட்டேன். டெலீட் பண்ணிட்டேன்னு சொல்றான். வெள்ளிக்கிழம மாமா வீட்டுல கெடா வெட்டு, எல்லாரும் வருவாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி கேக்கவா பின்னாடி கேக்கவான்னு தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஜிகர்தண்டா_டபுள்:

பின்னாடி கேளு மாப்ள.