ஸ்லெட் இழுக்க டீசல் ட்ரக் கட்டின அனுபவம், உங்களோடதையும் போடுங்க

வணக்கம்ங்க, நான் இந்தியானா கொலம்பஸ்ல இருக்கேன், கம்மின்ஸ் தலைமையகம் இருக்கிற அதே ஊருதான். சொந்த ஊரு நாமக்கல். அப்பா லாரி பட்டறை வெச்சிருந்தாரு, அதனால டீசல் வாசம் எனக்குப் புதுசு இல்ல. ஆனா இங்க வந்த ரெண்டாவது வருசம் ஒரு கவுண்டி ஃபேர்ல ட்ரக் புல்லிங் பார்த்தேன் பாருங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லெட்ங்கிற பெரிய எடை வண்டியை ட்ரக் எவ்ளோ தூரம் இழுக்குதுங்கிறதுதான் போட்டி. பின்னாடி கட்டுற அந்த ஸ்லெட் சும்மா பாரம் ஏத்தின வண்டி இல்ல. ட்ரக் முன்னாடி போகப் போக ஸ்லெட்டோட பின்பக்கம் இருக்கிற எடைப்பெட்டி தண்டவாளம் மாதிரி சட்டத்துல ஏறி முன்னுக்கு வரும், முன்னாடி இருக்கிற இரும்புத் தட்டு மண்ணுல அழுந்திக்கிட்டே போகும். முதல் 50 அடி ஒண்ணுமே தெரியாது. 200 அடி தாண்டினா யாரோ பின்னாடி வண்டியைப் பூமில வெச்சு ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். 300 அடி இழுத்துட்டா ஃபுல் புல். ரெண்டு மூணு பேரு ஃபுல் புல் அடிச்சா எடையைக் கூட்டி மறுபடி விடுவாங்க.

நம்ம வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு சோள விவசாயி, அறுபது வயசு இருக்கும், முப்பது வருசமா இழுக்கிறவரு. அவரு கொட்டகைலதான் கட்டினோம். வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500, 5.9 லிட்டர் 12 வால்வ் கம்மின்ஸ், மேனுவல் கியர். ஏன் இவ்ளோ பழசுன்னா, அதுல இருக்கிற பாஷ் பி7100 டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்பேனர் இருந்தா டீசலைக் கூட்டிடலாம். 2007க்கு அப்புறம் வந்த வண்டின்னா டிபிஎஃப் (புகைல வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) எல்லாம் இருக்கும், அதைக் கழட்டுறது சட்டப்படி குத்தம், அந்த வம்பே வேணாம்னுட்டேன்.

பானெட்டைத் தூக்கி வீடியோ கால்ல அப்பாகிட்ட காட்டினேன். "இது நம்ம டாடா 1613ல வர்ற எஞ்சினாச்சே கண்ணு, எத்தனை கட்டியிருக்கேன், இதையா பிக்கப்ல வெச்சிருக்கான்"னு கேட்டாரு. ஆமாங்க, ஜாம்ஷெட்பூர்ல டாடா கம்மின்ஸ் போட்ட அதே 6பிடி குடும்பம்தான். லைன் பம்பைப் பார்த்ததும் அவரு முகத்துல வந்த சந்தோசத்தை நான் மறக்க மாட்டேன். பட்டறையை மூடி ஆறு வருசம் ஆச்சு அவருக்கு.

முதல் வேலையா முன்பக்க கியர் கவரைத் தொறந்தோம். உள்ளாற ஒரு சின்ன இரும்பு டோவல் பின் இருக்கு, அதிர்வுல மெதுவா வெளிய நழுவி கியருக்குள்ள விழுந்துடும், விழுந்தா எஞ்சின் காலி, அதனாலயே இங்க அதைக் கில்லர் டோவல் பின்னுன்னுதான் சொல்றாங்க. எங்க வண்டில பாதி வெளிய வந்திருந்துச்சு! தட்டி உள்ள ஏத்தி, மறுபடி வராம ஒரு சின்னத் தகடு வெச்சு போல்ட்டுல அழுத்தினோம். 12 வால்வ் வாங்குறவங்க தயவுசெஞ்சு இதை முதல்ல பாருங்க.

அப்புறம் பம்புல டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக்கைத் தடுக்கிற ஃபியூவல் பிளேட்டை மாத்தினோம், கவர்னர் ஸ்ப்ரிங் மாத்தினோம் (கம்பெனி ஸ்ப்ரிங் 2500 ஆர்பிஎம் பக்கத்துலயே டீசலைக் குறைச்சுடும், இழுக்கிறதுக்கு 4000 வரைக்கும் வேணும்), அந்த வேகத்துக்கு வால்வ் மூட நேரமில்லாம மிதக்காம இருக்க கெட்டி வால்வ் ஸ்ப்ரிங், பெரிய இன்ஜெக்டர், 2.5 இன்ச் டர்போ, டபுள் டிஸ்க் கிளட்ச். கம்பெனி பவர் 215 குதிரை, டைனோல (பவர் அளக்கிற மெஷின்) 560 காட்டுச்சு. அதோட நிறுத்தியிருக்கணும். நான் டைமிங்கையும், அதாவது பிஸ்டன் மேல வர்றதுக்கு எவ்ளோ முன்னாடி டீசல் பாயணுங்கிறதை, 24 டிகிரிக்கு ஏத்தி வெச்சேன்.

ஸ்டார்ட் பண்ணி போனை எஞ்சின் பக்கத்துல பிடிச்சேன். அப்பா கண்ணை மூடிக்கிட்டு கேட்டாரு. "தட்டல் ஜாஸ்தியா இருக்கு, ஹெட்டைத் தூக்கிடும் கண்ணு, கொஞ்சம் இறக்கு"ன்னாரு. நான் இறக்கல. ரெண்டாவது போட்டில 210 அடி கிட்ட வெள்ளைப் புகை, கூலன்ட் வாசம், ஹெட் கேஸ்கெட் போச்சு. அன்னிக்கு ராத்திரி அவருக்குப் போன் பண்ண எனக்கு மனசு வரல. மறுநாள் அவரே கூப்பிட்டு "போல்ட்டை விட்டுட்டு ஸ்டட் போடு"ன்னு மட்டும் சொன்னாரு, வேற ஒரு வார்த்தை கேக்கல. ஹெட்டை இறுக்க ஸ்டட் (நட்டு போட்டு இறுக்கிற மரைக் கம்பி) போட்டு, ஹெட்ல பள்ளம் வெட்டி ஃபயர் ரிங் (சிலிண்டர் வாயு கசியாம அடைக்கிற வளையம்) வெச்சு, டைமிங்கை 18க்கு இறக்கினோம். பம்பு கியரைத் திரும்பப் போடும்போது அது உக்கார்ற டேப்பரைச் (சரிவான ஷாஃப்ட் முனை) சுத்தமா எண்ணெய்ப் பிசுக்கில்லாம தொடச்சிடுங்க, இல்லன்னா கியர் நழுவி டைமிங் மாறிடும்.

இன்னொன்னு, அந்தச் சோள விவசாயி பெரியவரு முதல் நாளே சொன்னது. பின்னாடி பட்டை ஸ்ப்ரிங் அமுங்காதபடி கட்டை வெச்சு இறுக்கணும். எங்க கிளாஸ்ல (போட்டிப் பிரிவு) ஸ்லெட் மாட்டுற கொக்கி உயரம் 26 இன்ச், எடை டிரைவரோட சேர்த்து 8000 பவுண்டு. பின்பக்கம் அமுங்கினா கொக்கி இறங்கிடும், டயருக்குப் பிடி போயிடும். முன்பக்கம் தூக்காம இருக்க பம்பருக்கு முன்னாடி எடைக்கட்டி தொங்கவிடுவோம், ஒரு கட்டியை இங்கிருந்து அங்க மாத்துறதுல 15 அடி வித்தியாசம் வந்திருக்கு எங்களுக்கு. நீங்க கட்டினது, பார்த்தது எதுவா இருந்தாலும் எழுதுங்க.

•

ஓஹையோலேர்ந்து. நான் கட்டல அண்ணே, பார்வையாளர்தான், ஆனா இங்க பவ்லிங் க்ரீன் ஊர்ல நடக்கிற பெரிய ட்ராக்டர் புல்லிங் போட்டிக்கு நாலு வருசம் போயிருக்கேன், 1967லேர்ந்து நடக்குது, ஆகஸ்ட் வெயில்ல. அந்தக் காலத்துல குதிரை கட்டி இழுப்பாங்களாம், வழி நெடுக ஆளுங்க நின்னு ஒவ்வொருத்தரா பலகைல ஏறிக்குவாங்களாம், அதைத்தான் இப்ப எடைப்பெட்டி பண்ணுதுன்னு ஒரு தாத்தா எனக்கு விளக்கினாரு. என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு, காதுக்கு மஃப் மாட்டி தோள்ல வெச்சிருந்தேன், டீசல் கிளாஸ் வந்ததும் அந்தக் கறுப்புப் புகையைப் பார்த்து கைதட்டினா.

•

டெக்சஸ். நான் ஒரே ஒரு சீசன்தான். பச்சைக் கொடி காட்டினதும் ஆர்வத்துல ஸ்லெட் சங்கிலியை வெடுக்குன்னு இழுத்துட்டேன், முன்பக்க யு-ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்ட்டோட இணைப்பு) உடைஞ்சு ஷாஃப்ட் சுத்திக்கிட்டே அடிச்ச அடி இருக்கே! அதைச் சுத்தி இரும்பு வளையம் இருந்ததாலதான் காலு தப்பிச்சுது. வளையம், ஷீல்டு எல்லாம் போட்டிக்கு முன்னாடி வண்டியைச் சோதிக்கிற டெக்ல பாஸாகுறதுக்குன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். ப்ரோ, ஏர் ஷட்டர் பத்தி எழுதலையே?

•

கொலம்பஸ்: நல்லாக் கேட்டீங்க, விட்டுப்போச்சு. டர்போ சீல் போயி எஞ்சின் தன் ஆயிலையே குடிக்க ஆரம்பிச்சா சாவியை அணைச்சாலும் டீசல் எஞ்சின் நிக்காது. எங்க பட்டறைல ஒரு தடவை அப்படி ஆகி அப்பா சாக்கை உருட்டி ஏர் பைப்புல திணிச்சு நிறுத்தினதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். இங்க அந்தச் சாக்குக்குப் பதிலா ஒரு தகடு, அதோட கம்பி ஸ்லெட்ல மாட்டியிருக்கும், சங்கிலி அறுந்தா கம்பி இழுத்து காத்தை அடைச்சுடும். ஒவ்வொரு தடவை இழுக்கிறதுக்கு முன்னாடியும் கையால இழுத்துப் பாருங்க. சங்கிலிக்கு, முதல்ல மெதுவா தொய்வை எடுத்துட்டு, டர்போ ஏறுற சத்தம் கேட்டப்புறம் கிளட்சை விடுறேன் நான்.

போன மாசம் 287 அடி. ஜூன்ல அப்பா வர்றாரு, விசா கெடைச்சாச்சு. இன்ஜெக்டர் நாசிலைக் கழட்டி அவரே ஸ்ப்ரே பார்க்கணுமாம், ஊர்லேர்ந்து டெஸ்டர் கொண்டு வரட்டுமான்னு கேக்கிறாரு, பெட்டில எவ்ளோ கிலோ விடுவாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.