போன சீசன் தொப்பியை என்ன செய்வது?

தலைக்கனம்:
போன கோடைக்கு என் நாத்தனார் ஆசை ஆசையாக ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிக் கொடுத்தாள். விளிம்பு மட்டுமே ஒரு முழம். காரில் உட்கார்ந்தால் பின்பக்கம் சீட்டில் முட்டி, தொப்பி கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கில் வந்து உட்காரும். ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். காற்றுக்கு ஒரு கை தொப்பியில், இன்னொரு கையில் பை. மூக்கு அரித்தது. வீடு வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

இப்போது அவளே போனில், "அது போன சீசன் அண்ணி! இப்ப தலையில ஒட்டினாப்ல, சின்னதா வலை வெச்சதுதான்" என்கிறாள். எந்தப் பெட்டியிலும் அடங்காமல் பீரோ மேல் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பழம்பெட்டி:
போன சீசனா? போன நூற்றாண்டு! 1907-ல் லண்டனில் 'தி மெர்ரி விடோ' என்ற இசை நாடகம் மேடையேறியபோது நாயகி லில்லி எல்சிக்கு லூசில் என்ற ஆடை வடிவமைப்பாளர் ஓர் அகலத் தொப்பி கொடுத்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் அதே பித்து. ஆனால் அவர்கள் உங்களைப் போலத் தொப்பியைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. தொப்பியையும் கொண்டையையும் சேர்த்துக் குத்த நீள ஊசி இருந்தது. அதன் முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் கன்னத்தைப் பதம் பார்க்க, முனைக்கு மூடி போடச் சொல்லிச் சில நகரங்கள் சட்டமே போட்டன.

கொக்கு:
உங்களுடையது வைக்கோலோடு நின்றதே, சந்தோஷம். 1886-ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் நியூயார்க் தெருக்களில் நடந்தபடியே பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700-ல் 542-ல் இறகு! பறவை பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டிய மனிதருக்குக் கடைத்தெருவே போதுமாக இருந்திருக்கிறது. சிரிப்பு இத்தோடு சரி. கொக்குக்கு அந்த அழகு இறகு முளைப்பது குஞ்சு பொரிக்கும் காலத்தில். இறகுக்காகத் தாயைச் சுட்டால் கூட்டில் குஞ்சும் பட்டினி.

அரைமுழம்:
வலை வெச்சதும் நிலைக்காது. இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில், அரச குடும்பத்தார் இருக்கும் பகுதிக்கு 2012-ல் அதைத் தடை செய்தார்கள். தலையில் உட்காரும் பாகம் 4 அங்குலமாவது வேண்டுமாம். நாத்தனாருக்கு ஒரு ஸ்கேல் அனுப்புங்கள்.

தலைக்கனம்:
அனுப்பவேண்டியதில்லை. நேற்று நேரிலேயே வந்தாள், வலையோடு. கிளம்பும்போது வெளியே நல்ல வெயில். "சும்மாதானே கிடக்கு அண்ணி" என்று பீரோ மேலிருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கார் கதவில் இரண்டு தடவை இடித்துவிட்டு, மூன்றாவது தடவை பக்கவாட்டில் நுழைந்தாள். வலை இப்போது என் பீரோ மேல் இருக்கிறது.