சைக்கிள் டைம் ட்ரயல்: பின்னால் புறப்பட்டவர்கள் எல்லோரும் வேகமாக வந்ததாகக் கணக்குக் காட்டுகிறது, அவசர உதவி

லிந்துலைத் தம்பி

வணக்கம். அவசரம். எங்கள் இளைஞர் கழகம் முதல் தடவையாக சைக்கிள் டைம் ட்ரயல் (ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, குறைந்த நேரம் எடுத்தவர் வெல்லும் போட்டி) ஒன்று நடத்தப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். நேரக் கணக்கு முழுவதும் குழம்பிவிட்டது. நன்றாக ஓடக்கூடியவர்கள் கீழே போய்விட்டார்கள், பின்னால் புறப்பட்ட பையன்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். முன்கூடையைக்கூடக் கழற்றாமல் கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிள் ஓட்டிய ஒருவன் இரண்டாம் இடம். கழகத்துக்குள் ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பதில்லை. எந்தச் செயலி போட்டால் நேரம் சரியாக வரும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஹட்டன் வாசி

எந்த வீதி? எத்தனை கிலோமீற்றர்? ஏற்றமா, இறக்கமா? எத்தனை பேர் ஓடினார்கள்? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி? நேரம் எடுத்தது யார், எதை வைத்து? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் செயலியை மட்டும் கேட்டால் யார் என்ன சொல்வது?

பனிமூட்டம்

இதில் குழப்பமே இல்லை தம்பி. அதிகாலையில் வீதி ஈரம், மூட்டம் கண்ணை மறைக்கும், முதலில் போகிறவன் ஒவ்வொரு முடக்கிலும் பயந்து பயந்துதான் மிதிப்பான். வெயில் ஏறியபின் போகிறவனுக்குக் காய்ந்த வீதி. வேகமாகத்தான் வருவான். அடுத்த முறை எட்டு மணிக்குத் தொடங்குங்கள்.

ஹட்டன் வாசி

எட்டு மணிக்கா? அந்த நேரத்தில் பஸ், லொறி, ஓட்டோ எல்லாம் வீதிக்கு வந்துவிடும். முதலில் அவர் வீதியின் பெயரையாவது சொல்லட்டும்.

கறுத்த செயின்

நான் அடித்துச் சொல்கிறேன், கைபேசிக் கடிகாரம்தான் காரணம். கீழே ஒருவர், மேலே ஒருவர் நின்றிருப்பார்கள். இரண்டு கைபேசியும் ஒரே நேரம் காட்டியிருக்காது. பள்ளத்தில் சிக்னல் கிடைக்காமல் ஒன்று பின்தங்கியிருக்கும். இரண்டையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பழைய பெடல்

இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது. டைம் ட்ரயல் என்றால் என்னவென்று தெரியாமலே பனர் அடித்துவிடுவது, பிறகு செயலி தேடுவது. 1989 இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தின் கடைசி நாள், 24.5 கிலோமீற்றர் டைம் ட்ரயல். கிரெக் லெமொன்ட் மூன்று வாரப் போட்டியையே 8 வினாடியில் வென்றார். வினாடிக்கு உள்ள மதிப்பு அவ்வளவு. சக்கரத்தில் பொருத்தி நேரம் பதியும் சிப் வாங்க வசதி இல்லாவிட்டால் மரதன் வைத்துவிட்டுப் போங்கள்.

லிந்துலைத் தம்பி

மன்னிக்கவும், எஸ்டேட் வேலையில் இருந்தேன். லிந்துலையில் இருந்து நானுஓயாப் பக்கம், ஏ7 வீதி, 8 கிலோமீற்றர், ஏற்றம் மட்டும். ஒரு நிமிட இடைவெளி. கீழே ஒரு கைபேசியின் ஓட்டக் கடிகாரம், மேலே இன்னொன்று. தொலைபேசியில் அழைத்து "இப்போது" என்று சொல்லி 6.30க்கு இரண்டையும் பூச்சியத்தில் தொடங்கினோம். 1ஆம் இலக்கம் முதலாம் நிமிடம், 2ஆம் இலக்கம் இரண்டாம் நிமிடம், அப்படியே. மேலே வந்து சேர்ந்த நேரத்தில் இருந்து இலக்கத்தைக் கழித்தால் அவருடைய நேரம். 22 பேர் பதிந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை, அது முக்கியமில்லை.

கறுத்த செயின்

பார்த்தீர்களா? "இப்போது" என்று தொலைபேசியில் சொன்னார்களாம். குரல் போய்ச் சேரத் தாமதம் இருக்காதா?

கொட்டகலை மாஸ்டர்

இருக்கும். ஒரு வினாடி, மிஞ்சினால் இரண்டு. அந்தத் தாமதம் இருபது பேருக்கும் ஒரே அளவில்தான் ஏறும். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையை அது மாற்றாது. பனிமூட்டமும் இப்படி ஆளைப் பார்த்து வேலை செய்யாது.

தம்பி, கழிக்கும் முறை நல்ல முறைதான், பழைய முறையும்கூட. மூன்று பேருடைய கணக்கை அப்படியே எழுதுங்கள்: இலக்கம், மேலே கடிகாரம் காட்டியது, கழித்து வந்தது. சைக்கிளில் சொந்தமாக மீற்றர் பொருத்தியவர்களோ, கையில் கடிகாரம் கட்டி ஓடியவர்களோ இருந்தால் அவர்கள் சொல்லும் நேரத்தையும் கேளுங்கள். வராத இருவருடைய இலக்கங்கள் என்ன? கடைசி ஆள் எத்தனை மணிக்குப் புறப்பட்டார்?

பழைய பெடல்

மாஸ்டர், இவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்துப் பயனில்லை. லுமாலாவையும் கியர் சைக்கிளையும் ஒரே பட்டியலில் போட்டவர்கள் இவர்கள். அங்கேயே போட்டி கெட்டுவிட்டது.

தலவாக்கலை லுமாலா

ஏன் கெட வேண்டும்? எங்கள் பக்கத்தில் பாண் கொண்டுபோவதும் பாடசாலைக்குப் போவதும் அந்த சைக்கிளில்தான். கியர் சைக்கிள் வைத்திருப்பவன் மட்டும்தான் ஓட வேண்டும் என்றால் அதற்கு எதற்கு இளைஞர் கழகம்?

பழைய பெடல்

ஓட வேண்டாம் என்று யார் சொன்னது? வேறு வகையாகப் பிரிக்கச் சொல்கிறேன். கியர் இல்லாத சைக்கிள் ஒரு வகை, கியர் உள்ளது ஒரு வகை. உலகத்தில் எல்லா இடத்திலும் வகை உண்டு. சர்வதேசப் போட்டிகளில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்றுகூட விதி இருக்கிறது.

தலவாக்கலை லுமாலா

எங்கள் சைக்கிளின் கரியரும் ஸ்டாண்டும் சேர்ந்தாலே அதில் பாதிக்கு வந்துவிடும். அந்த விதியால் எங்களுக்குப் பயமில்லை.

ஊவாக்காரன்

லிந்துலை–நானுஓயா எல்லாம் ஒரு ஏற்றமா? ஏற்றம் பார்க்க வேண்டுமென்றால் பெரகலையில் இருந்து அப்புத்தளைக்கு மிதித்துப் பாருங்கள். அங்கே நேரம் எடுக்க ஓட்டக் கடிகாரம் வேண்டாம், கலண்டர் போதும்.

ஹட்டன் வாசி

றம்பொடையை விட்டுவிட்டீர்கள். கம்பளையில் இருந்து புறப்பட்டு றம்பொடை முடக்குகள் எல்லாம் ஏறி நுவரெலியாவுக்கு, 1,868 மீற்றருக்கு, வந்து சேருங்கள். அப்புத்தளையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஊவாக்காரன்

றம்பொடையில் இளைப்பாற இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காற்றும் சேர்ந்து தள்ளும், அதுவும் எதிர்ப்பக்கமாக.

பனிமூட்டம்

ரயிலைக் கேளுங்கள், அது சொல்லும். மலைநாட்டுப் பாதையில் மிகச் செங்குத்தான இடமே 44க்கு 1, அதாவது 44 அடி போனால் ஓர் அடி ஏற்றம். அதற்கே எஞ்சின் மூச்சு வாங்குகிறது. வீதி அதைவிடச் செங்குத்து. எல்லா ஏற்றமும் ஏற்றம்தான்.

வட்டவளை அக்கா

ஏற்றத்தைப் பற்றிய சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தம்பி, நேரக் கணக்கைவிட எனக்கு வேறு கவலை. வீதியை மூடாமலா ஓட்டுகிறீர்கள்? பொலிஸ் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? ஏ7 பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழே வருவது. ராதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதியது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. லொறியும் பஸ்ஸும் எப்படி இறங்குகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டித் திகதி என்ன? மாசி, பங்குனியில் மழை குறைவு என்று வைத்திருப்பீர்கள். ஆனால் டிசம்பர் உந்துவப் பௌர்ணமியில் இருந்து மே வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம். நுவரெலியாப் பக்கத்து பஸ்களும் வேன்களும் உங்கள் வீதியால்தான் ஹட்டனுக்குப் போகும். இரவு மலை ஏறிவிட்டுத் தூக்கக் கண்ணோடு திரும்பும் சாரதிகள் ஞாயிறு காலையில்தான் உங்கள் பையன்களுக்கு எதிரே வருவார்கள். பௌர்ணமி விடுமுறையை ஒட்டி வராத ஞாயிறாகப் பாருங்கள். சித்திரையில் நுவரெலியா வசந்த காலம், அதையும் தொடாதீர்கள்.

ஓடி முடித்தவர்கள் அதே வீதியால் உடனே இறங்கக்கூடாது. ஏறுகிறவர்கள் முடியும்வரை மேலேயே நிற்கட்டும். தோட்டத்து வீதி வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் கொடியோடு ஒருவர். கான் ஓரத்தில் பாசி பிடித்த இடங்களை முதல் நாளே சுண்ணாம்பால் குறியுங்கள். எல்லோருக்கும் தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் கூப்பிட்டபின் வருவதற்கு நேரம் எடுக்கும். முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு வேனும் அங்கேயே நிற்க வேண்டும். நாய்களையும் மறக்காதீர்கள். லயத்து நாய்க்கு ஓட்டோ பழக்கம். குனிந்து மிதித்து வருகிறவனைக் கண்டால் விடாது.

கறுத்த செயின்

அக்கா சொன்னதில் நாய் விடயம் நூற்றுக்கு நூறு. நேரக் குழப்பத்துக்கு மட்டும் கைபேசிதான் காரணம்.

தலவாக்கலை லுமாலா

வீதியை மூட மாட்டார்கள் என்றால் போட்டியே நடத்த முடியாதா? மகாகஸ்தோட்டைக் கார் ஓட்டத்துக்கு மூடுகிறார்களே!

கொட்டகலை மாஸ்டர்

அது பெரிய இடத்துக் காரியம். டைம் ட்ரயல் பிறந்ததே வீதியை மூட முடியாத இடத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கூட்டமாக சைக்கிள் ஓட்டியதில் குதிரை வண்டிகளோடு தகராறு வந்தது. பொலிஸ் பிடிக்குமே என்று சைக்கிள் சங்கமே வீதிப் பந்தயத்தைத் தடுத்துவிட்டது. 1895 ஒக்டோபரில் பிட்லேக் என்பவர் 50 மைல் ஓட்டம் ஒன்றை நடத்தினார், ஒவ்வொருவராக இடைவெளி விட்டு. பார்க்கிறவர் கண்ணுக்கு அது பந்தயமாகவே தெரியாது, யாரோ வேலைக்குப் போகிறார் என்று நினைப்பார். பிறகு அதிகாலையில், உடல் முழுவதும் கறுப்பு உடுப்போடு ஓடினார்கள். நம்முடைய ஒடுங்கிய வீதிக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி இல்லை. அதற்காக அனுமதி வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அக்கா கேட்ட கடிதத்தைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய பெடல்

மாஸ்டர் வரலாறு சொல்லிவிட்டார். பின்னால் ஒட்டி ஓடுவதைப் பற்றி யாராவது சொன்னீர்களா? ஒருவனை எட்டிப் பிடித்தால் பக்கவாட்டில் 2 மீற்றர் விலகித் தாண்ட வேண்டும். தாண்டப்பட்டவன் ஒரு கிலோமீற்றருக்குப் பிறகு 25 மீற்றராவது பின்னால் இருக்க வேண்டும். இது விதி. உங்கள் லுமாலா வீரர் யாருடைய முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் வந்தாரோ!

தலவாக்கலை லுமாலா

அந்த வேகத்தில் ஏற்றத்தில் என்ன காற்று? பழைய பெடல் கடைசியாக எப்போது மிதித்தார் என்று கேட்க வேண்டும்.

லிந்துலைத் தம்பி

சிக்னல் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். மாஸ்டர் ஐயா கேட்டவை.

இலக்கம் 5: கடிகாரத்தில் 33.40, கழித்தால் 28.40. அவருடைய மீற்றரும் 28.40.
இலக்கம் 12: 38.55, கழித்தால் 26.55. அவருடைய கைக்கடிகாரம் 27.56.
இலக்கம் 20: 46.10, கழித்தால் 26.10. இவன்தான் லுமாலா. அவனுடைய தம்பி கீழே இருந்து நேரம் பார்த்திருக்கிறான், 28.12 என்கிறான்.

வராதவர்கள் 7, 15. கடைசி ஆள் 22, 6.50க்கே புறப்பட்டுவிட்டார். நேரத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம்.

கொட்டகலை மாஸ்டர்

இதுதான் தம்பி. 22ஆம் இலக்கம் 6.52க்கு அல்லவா புறப்பட வேண்டும்? இரண்டு நிமிடம் எங்கே போனது?

7ஆம் இலக்கம் வராதபோது, கீழே நின்றவர் அந்த நிமிடத்தில் 8ஆம் இலக்கத்தை அனுப்பிவிட்டார். அங்கிருந்து எல்லோரும் ஒரு நிமிடம் முந்திப் புறப்பட்டார்கள். மேலே நின்றவர் வழக்கம்போல இலக்கத்தைக் கழித்தார், ஆளுக்கு ஒரு நிமிடம் இலாபம். 15இலும் அதே கதை, 16இல் இருந்து இரண்டு நிமிடம். உங்கள் எண்களே சொல்கின்றன: 5க்கு வித்தியாசம் இல்லை, 12க்கு ஒரு நிமிடம், 20க்கு இரண்டு. மிச்சம் இருக்கும் ஓரிரு வினாடி கடிகாரத்தை அழுத்திய விரல்.

8 முதல் 14 வரை ஒரு நிமிடம் கூட்டுங்கள், 16 முதல் 22 வரை இரண்டு நிமிடம். ஒத்திகைப் பட்டியல் சரியாகிவிடும்.

போட்டி அன்று ஆள் வராவிட்டாலும் அவருடைய நிமிடம் வெறுமையாகவே போகட்டும். பிந்தி வருகிறவரை இடையில் ஒரு இடம் பார்த்து அனுப்பலாம், ஆனால் அவருக்குரிய நிமிடத்தில் இருந்துதான் நேரம் ஓடும். இலக்கமும் நிமிடமும் பிரியக்கூடாது, அவ்வளவுதான் இந்தப் போட்டியின் சூட்சுமம். இரண்டு கடிகாரத்தையும் கீழே பக்கத்தில் வைத்து ஒன்றாகத் தொடங்கிவிட்டு, ஒன்றை மோட்டார் சைக்கிளில் மேலே அனுப்புங்கள். மேலே இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கட்டும். பென்சிலால். பனியில் நனைந்த கொப்பியில் பேனை வழுக்கிக்கொண்டு போகும், பிறகு 3ஆ 8ஆ என்று தெரியாது.

கறுத்த செயின்

அப்படியென்றாலும் கைபேசியை விமானப் பயன்முறையில் போடுவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால்?

கொட்டகலை மாஸ்டர்

அது சரிதான்.

பழைய பெடல்

நான் முதலிலேயே சொன்னேன், செயலி தேவையில்லை என்று.

தலவாக்கலை லுமாலா

சிப் வாங்கச் சொன்னது யார்?

லிந்துலைத் தம்பி

கீழே நின்ற தம்பியைக் கேட்டேன். இடம் சும்மா போகிறதே என்று அடுத்தவரை அனுப்பினாராம். கூட்டிப் பார்த்தோம், லுமாலா ஏழாம் இடம். சண்டை முடிந்தது. நன்றி மாஸ்டர் ஐயா, எல்லோருக்கும் நன்றி.

வட்டவளை அக்கா

திகதியும் பொலிஸ் கடிதமும் என்னவாயிற்று என்று இன்னும் சொல்லவில்லையே தம்பி?

தலவாக்கலை லுமாலா

கியர் இல்லாதவர்களுக்குத் தனி வகை உண்டா என்பதையும் சொல்லுங்கள். தனி வகை என்றால் லுமாலாதான் முதலிடம், சண்டை முடியவில்லை.

ஊவாக்காரன்

அடுத்த வருடம் அப்புத்தளையில் வையுங்கள். நாய்களுக்கு நாங்கள் பொறுப்பு.