புதுப்பிப்பு: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம்

கீழ்க் கடைவாய்ப் பக்கம் துலக்கினால் ரத்தம் வருகிறது, அந்த இடத்தைக் கொஞ்ச நாள் தொடாமல் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவே கூடாது என்றுதான் பெரும்பாலோர் சொன்னீர்கள். பல் மருத்துவரும் அதையே சொன்னார். ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலம்தான் வீக்கத்துக்குக் காரணம். அதை எடுக்காமல் விட்டால் ரத்தம் இன்னும் கூடும். கெட்டியாகிக் காரையாக மாறியிருந்ததை அவரே சுத்தம் செய்தார். காரை பிரஷுக்கு அசையாது.

இப்போது ரத்தம் அநேகமாக நின்றுவிட்டது. மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக, மொத்தம் 2 நிமிடம். அழுத்தித் தேய்ப்பதில்லை.

உண்மையான வித்தியாசம் ஃபிளாஸ் நூலில்தான். பல் இடுக்கில் பிரஷ் முடி நுழையாது. நூலைச் சும்மா உள்ளே விட்டு எடுப்பதில் பயனில்லை. ஒரு பல்லின் பக்கவாட்டை ஒட்டி வளைத்து, ஈறுக்குச் சற்று உள்ளே வரை மெதுவாக இறக்கி, மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். அப்புறம் அதே இடுக்கில் பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. முதலில் எரிச்சல்தான், கை பழக நேரமாகும். இடைவெளி அகலமாக இருந்தால் இடுக்குக்கென்றே வரும் குட்டி பிரஷ் இன்னும் சுலபம்.

வாய் கொப்பளிப்பது பற்றிக் கேட்டவருக்கு: துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். உடனே கொப்பளித்தால், பல்லைச் சொத்தையிலிருந்து காக்க பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடும் போய்விடும். இரவில் இதைக் கட்டாயம் கவனியுங்கள், தூக்கத்தில் பல்லைக் காக்கும் உமிழ்நீர் குறைவு.

மவுத்வாஷ் நான் வாங்கவில்லை.