பாறைக் கரையில் சிப்பிப் பதிவு: பச்சை நிறத்தை நம்பி ஏமாந்த கதையும் ஒரு கேள்வியும்

குமரிக்கரையான் (போர்ட் எலிசபெத்):

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் உள்ள எங்கள் ஊரின் பெயர் 2021-இல் கெபெஹா என்று மாறிவிட்ட போதிலும் வீட்டில் இன்னும் பழைய பெயரே நாவில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் மலபார் பகுதியிலும் அதைச் சுற்றியும் வசிக்கும் நாங்கள் ஆறு பேர் கடந்த சில மாதங்களாக விடுமுறை நாட்களில் பாறைக் கரைக்குச் சென்று, வெளியிலிருந்து வந்து பரவிய கடலுயிர்களைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவிட்டு வருகிறோம். எங்களில் எவரும் உயிரியல் படித்தவர் இல்லை. ஒருவர் கணக்காளர், ஒருவர் செவிலியர், மற்றவர்கள் ஓய்வு பெற்றவர்கள்.

நான் குளச்சல் பக்கம் பிறந்து வளர்ந்தவன். சிப்பி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையில் பெயர்த்தெடுத்து, தேங்காய் அரைத்து ஊற்றிச் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையில் இங்குள்ள பாறையொன்றில் ஓரம் பளிச்சென்று பச்சையாக மின்னிய சிப்பிகளைக் கண்டதும், இது நம் ஊர்ப் பச்சைச் சிப்பிதான், கப்பலடியில் ஒட்டிக்கொண்டு இங்கு வந்துவிட்டது என்று முடிவு செய்து, பெர்னா விரிடிஸ் என்று பெயரிட்டு இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகளை ஏற்றிவிட்டேன். நம் ஊர்க்காரரைக் கடல் கடந்து சந்தித்த மகிழ்ச்சிகூட எனக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் முன்பின் அறியாத ஒருவர் ஒவ்வொரு பதிவிலும் வந்து அவற்றைப் பெர்னா என்ற பேரினத்தோடு நிறுத்தி, நிறத்தை நம்ப வேண்டாம் என்று ஒற்றை வரி எழுதிச் சென்றார்.

அது போகட்டும். வேறு பாறைகளில் நாங்கள் எடுத்த கருநீலச் சிப்பிகளுக்குச் செயலியே மத்தியதரைக்கடல் சிப்பி என்று பரிந்துரைக்கிறது, சில படங்களுக்கு உள்ளூர்க் கருஞ்சிப்பி என்கிறது. குழுவில் ஒருவர், அந்நியச் சிப்பி என்று உறுதியானால் அடுத்த முறை உளி எடுத்துச் சென்று சுரண்டிவிடலாமே என்கிறார். இன்னொருவர், ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே பதிவிடும் உயிரை நாமும் பதிவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார். இந்த மூன்றுக்கும், அதாவது அடையாளம், அகற்றல், பயன் ஆகியவற்றுக்கு, அனுபவமுள்ளவர்கள் விளக்கம் தந்தால் உதவியாக இருக்கும்.

வற்றுநீர் (கேப் டவுன்):

குமரிக்கரையான் அவர்களுக்கு வணக்கம். தங்கள் பதிவில் வந்து திருத்தியவர் நான் அல்லன். ஆனால் அவர் செய்தது சரி. இங்குள்ள பழுப்புச் சிப்பியான பெர்னா பெர்னாவில் ஓரம் பச்சையாகவும், சிறு வயதில் சில நேரம் ஏறக்குறைய முழுவதுமே பச்சையாகவும் இருப்பவை உண்டு. பச்சையாக இருப்பதெல்லாம் விரிடிஸ் அன்று என்பது தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே மரபணுச் சோதனை வரை சென்று சொல்ல வேண்டியிருந்த விஷயம். எனவே படத்தை மட்டும் வைத்துப் பெர்னா என்ற அளவில் நிறுத்துவதில் குறைவு எதுவும் இல்லை. தங்களுக்கு வேடிக்கையாக இருக்கக்கூடிய ஒன்று: குமரிக் கடலிலும் விழிஞ்சத்திலும் பச்சைச் சிப்பியோடு சேர்ந்து வளரும் பழுப்புச் சிப்பி நெடுங்காலம் பெர்னா இண்டிகா என்ற தனி இனமாகக் கருதப்பட்டு வந்தது, மரபணு ஆய்வுகள் அதுவும் இதே பெர்னா பெர்னாதான் என்று காட்டியுள்ளன. ஆகவே தங்கள் ஊர்க்காரரைத் தாங்கள் சந்தித்தது உண்மைதான், பச்சைக்காரருக்குப் பதிலாகப் பழுப்புக்காரரை.

கருநீலச் சிப்பிகளின் விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. மத்தியதரைக்கடல் சிப்பியான மைட்டிலஸ் கேலோப்ரோவின்சியாலிஸ் 1970-களின் இறுதிவாக்கில் மேற்குக் கரையில் சல்தான்ஹா விரிகுடாப் பக்கம் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் 1984-இல்தான், அதுவும் புரதங்களைப் பிரித்துப் பார்த்த பிறகே, அது வேறு இனம் என்பது உறுதியானது. அதுவரை கரையில் நடந்தவர்கள் அனைவரும் அதை உள்ளூர்க் கருஞ்சிப்பி என்றே கடந்து சென்றிருக்கிறார்கள். உங்கள் செயலி தடுமாறுவதில் வியப்பில்லை.

இரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி, கரையொதுங்கிக் கிடக்கும் வெற்று ஓடு. உயிருள்ளதைத் திறக்கவே வேண்டாம். ஓட்டின் கூர்நுனியை அடுத்து, இரு ஓடுகளையும் இணைக்கும் கருநிறப் பட்டைக்குக் கீழே உற்றுப் பாருங்கள். மைட்டிலஸில் அங்கே ஒரு வெண்ணிறக் கோடு, ஊசியால் குத்தினாற்போல் நுண்துளைகளோடு ஓடும். உள்ளூர்க் கருஞ்சிப்பியில் அது இருக்காது. ஆனால் பழுப்புச் சிப்பியிலும் அந்தத் துளைக்கோடு உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓட்டின் உட்புறத்தில் பின்பகுதித் தசை ஒட்டியிருந்த தழும்பைப் பாருங்கள்: பழுப்புச் சிப்பியில் அது இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், மைட்டிலஸில் ஒரே தொடர்ச்சியாக இருக்கும். காலை வெயிலில் ஓட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் தழும்பு தானாகத் தெரியும். நேர் எதிரே பிடித்தால் பளபளப்பு மறைத்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் ஆனது.

உளி வேண்டவே வேண்டாம். உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் கரையிலிருந்து சிப்பி எடுப்பது சட்டப்படி குற்றம். அந்நியச் சிப்பி என்பதால் விலக்கு கிடையாது. தங்கள் ஊருக்கு மேற்கே உள்ள சார்டினியா பே காப்புப் பகுதிக்குள் எதையும் எடுக்கவே கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுரண்டிய இடத்தில் அடுத்து வந்து குடியேறுவது பெரும்பாலும் வேகமாக வளரும் அதே சிப்பிதான். இங்கே ஹவுட் பே துறைமுகத்தில் ஐரோப்பியக் கரைநண்டை ஒழிக்கப் பொறி வைத்துப் பல்லாயிரம் நண்டுகளைப் பிடித்தும் ஒழிக்க இயலவில்லை. அது ஒரு சிறிய, சுவர் கட்டிய துறைமுகம். திறந்த பாறைக் கரையை எண்ணிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. கருப்பு நிறமும் சிவந்த அலகும் கொண்ட ஆப்பிரிக்கக் கருஞ்சிப்பிகொத்தியை அங்கும் பார்த்திருப்பீர்கள். மைட்டிலஸ் பரவிய பிறகு அந்தப் பறவைக்கு உணவு பெருகி, மேற்குக் கரையில் குஞ்சு பொரித்து வளர்ப்பதும் நன்றாக நடந்தது. அதே சிப்பிதான் உள்ளூர்ச் சிப்பிகளையும், தொப்பி வடிவில் பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட்டுகளையும் நெருக்கி இடத்தைப் பிடித்தது. எதை நல்லது, எதைக் கெட்டது என்று உளியோடு போய் முடிவு செய்வது நம் வேலை இல்லை என்றே நினைக்கிறேன்.

பயன் என்ன என்று கேட்பவருக்கு, பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசின் கதையைச் சொல்லுங்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த பலானஸ் கிளாண்டுலா என்னும் கொட்டலசு இங்கு பரவியிருப்பது 2008-இல்தான் வெளிவந்தது. அதற்குள் மேற்குக் கரையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பாறைகளை மூடியிருந்தது. குறைந்தது 1992 முதல் அது இங்கே இருந்திருக்கிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. உள்ளூர்க் கொட்டலசு என்று நினைத்து எல்லோரும் மிதித்து நடந்திருக்கிறார்கள். நாள், இடம் குறித்த தெளிவான படங்கள் வேண்டிய அளவு இருந்திருந்தால் எந்த ஆண்டு எந்தப் பாறைக்கு வந்தது என்பதைப் பின்னோக்கி எழுதியிருக்கலாம். நீங்கள் இன்று எடுக்கும் படத்தில் நீங்கள் கவனிக்காத ஏதோ ஒன்றும் இருக்கலாம். ஆகவே சிப்பியை மட்டும் நெருக்கமாக எடுத்து மற்றதை வெட்டிவிடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் பேரன் (டர்பன்):

வணக்கம். தமிழை வயது வந்த பிறகு கற்றுக்கொண்டவன். பிழை இருந்தால் திருத்துங்கள். மேலே எழுதியவர் சொன்னதோடு ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன், அது என் சொந்த அவமானத்திலிருந்து வருவது. கரையில் கைபேசியின் இடங்காட்டியை அணைத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வைஃபையில் படங்களை ஏற்றிப் பழகிவிட்டேன். ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் பணிவாகக் கேட்டார்: கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், நாற்பத்துமூன்று சிப்பிகளும் ஒரு கடற்சாமந்தியும் எப்படி வாழ்கின்றன? எங்கள் வாழைமரத்தடியை நான் பாறைக் கரையாக்கியிருந்தேன். இனி பதிவை ஏற்றும் முன் வரைபடத்தில் ஊசி எங்கே நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள துல்லிய வட்டம் எத்தனை மீட்டர் என்று பார்த்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.

எங்கள் பக்கம் தண்ணீர் வெதுவெதுப்பானது. பாறைகளில் பழுப்புச் சிப்பியின் ராஜ்ஜியம்தான். மைட்டிலஸ் குளிர்ந்த நீரை விரும்புவது, கிழக்கே இந்நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகர்ப் பக்கம் வரை அதன் எல்லை. எனவே போர்ட் எலிசபெத் அந்த எல்லையை ஒட்டிய பகுதி என்பதே உங்கள் குழுவின் மதிப்பு. நடுவில் உள்ள ஆயிரம் பதிவுகளைவிட எல்லையோரத்து நூறு பதிவுகள் கூடுதலாகப் பேசும். இன்னும் ஒன்று: தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பதும் ஒரு செய்தி, ஆனால் ஐநேச்சுரலிஸ்டில் இல்லாததைப் பதிய முடியாது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தப் பாறை, எத்தனை பேர், எத்தனை நிமிடம் தேடினீர்கள், எவ்வளவு வற்றியிருந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக எழுதுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் ஒன்றைப் பிளாஸ்டிக் குழாயில் செய்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்துப் படமெடுத்தால் இன்னும் நல்லது. நேரத்துக்கு ஆப் எதுவும் வேண்டாம். பஞ்சாங்கம் உள்ள வீட்டில் அமாவாசை, பௌர்ணமி தெரியும். அவற்றை அடுத்த இரண்டொரு நாளில் நம் கரையில் பெருவற்றம் பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வரும். அன்று முன்பே போய்க் காத்திருங்கள், நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

குமரிக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. அமாவாசைக்கு மறுநாள் கேப் ரெசிஃப் பாறைகளுக்குச் சென்று வந்தோம். உளி யோசனை சொன்னவர் அதைக் கொண்டு வரவில்லை. குழாய்ச் சட்டத்தைச் செய்து தந்ததும் அவர்தான்.

பாறையை மேலிருந்து கீழாக மூன்று பட்டைகளாகப் பார்த்தோம். மேல் பட்டையில், நாளின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும் இடத்தில், கருநீலச் சிப்பிகளே நெருக்கியடித்து இருந்தன; கையால் தடவினால் மழமழவென்று இருந்தது. கீழே அலை அறையும் விளிம்பில் பழுப்புச் சிப்பிகள், அசைத்துப் பார்த்தால் பாறையோடு பாறையாக இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் இரண்டும் கலந்து கிடந்ததைப் பார்த்தபோது, செயலி ஏன் தடுமாறியது என்பது ஓரளவு விளங்கியது: எங்கள் படங்கள் சிலவற்றில் உண்மையிலேயே இரண்டு இனங்கள் இருந்திருக்கின்றன! கரையொதுங்கிய பதினொரு வெற்று ஓடுகளைத் திருப்பிப் பார்த்ததில் ஏழில் தழும்பு இரண்டாகப் பிரிந்திருந்தது, மூன்றில் தொடர்ச்சியாக இருந்தது, ஒன்று தேய்ந்து போயிருந்ததால் தெரியவில்லை. அந்தப் பதினொன்றாவதைச் சிப்பி என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் பதிந்திருக்கிறோம். பழைய பச்சைப் பதிவுகள் அனைத்தையும் நானே பெர்னா என்று திருத்திவிட்டேன்.

ஒரு சிறு ஐயம். கலந்திருக்கும் நடுப்பட்டையில் ஒரு படத்துக்கு இரண்டு பதிவு போடலாமா? மேலும் இங்கே மைட்டிலஸ் மேற்கிலிருந்து தானாக நகர்ந்து வந்ததா?

வற்றுநீர்:

ஒரு பதிவுக்கு ஓர் உயிர் என்பதே அங்குள்ள நடைமுறை. ஆகவே அதே படத்தை இரண்டு முறை ஏற்றி, ஒன்றில் பழுப்புச் சிப்பி, மற்றொன்றில் கருநீலச் சிப்பி என்று குறித்து, குறிப்புப் பகுதியில் எது எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். இருவர் ஒத்த பெயர் சொன்னால் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும், அங்கிருந்து உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் தரவுத்தளத்துக்கும் போகும். ஆனால் குழுவில் ஒருவர் பதிந்ததை மற்றவர் சரிபார்க்காமலே ஆமோதிக்கும் பழக்கத்தை மட்டும் தவிருங்கள்.

தாங்கள் கண்ட மூன்று பட்டைகள் தற்செயலானவை அல்ல. உலர்வதை மைட்டிலஸ் நன்றாகத் தாங்கும். பெர்னாவோ பாறையைப் பற்றும் நார்களில் வலிமை மிக்கது, அலை மிகுந்த கீழ்ப்பகுதியில் மைட்டிலஸ் பிடுங்கப்படும்போதும் அது நிற்கும். இங்குள்ள பெர்னாவைத் தட்டைப்புழு ஒட்டுண்ணிகள் பீடிக்கின்றன, வந்தேறிக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது கேள்விக்கு: உங்கள் துறைமுகத்துக்கு அது 1980-களின் இறுதியில் சிப்பி வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வெளியேறிப் பரவியதைப் பின்தொடர்ந்த ஆய்வில், பெரும்பாலான குஞ்சுகள் தாய்ச் சிப்பிகளிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே குடியேறுவது தெரிந்தது. அதனால் அடுத்த அமாவாசைக்கு கேப் ரெசிஃபிலிருந்து மேற்கே இன்னொரு பாறையைத் தேர்ந்து, அதே சட்டத்தை அதே மூன்று உயரங்களில் வைத்துப் பாருங்கள். கருஞ்சிப்பிகொத்திகள் கோடையில் நீர் எட்டாத மணலிலும் பாறை இடுக்கிலும் முட்டையிடும். ஒரு பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினால், வந்த வழியே திரும்பிச் சுற்றிப் போங்கள்.