‘என்தியேர்ரோ’: காளை ஓட்டமா, காளை அடைப்பா?

கயல்:
பம்ப்லோனா நகரத்துச் சான் ஃபெர்மின் விழாவைப் பற்றி ஒரு பயணக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். காளைகளுக்கு முன்னால் ஆட்கள் ஓடுகிறார்களே, அதற்கு ஸ்பெயினில் ‘என்சியேரோ’ என்று பெயராம். ‘காளை ஓட்டம்’ என்று எழுதிவிட்டேன். அகராதியைப் பார்த்தால் ‘அடைத்தல்’ என்று இருக்கிறது. ஓடுவதற்கும் அடைப்பதற்கும் என்ன சம்பந்தம்? ‘கொர்ரிதா’ என்பதும் இதுதானா?

செந்தில்:
அகராதி சொல்வது சரி. படிப்புக்காக அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே யாரும் இதை ஓட்டம் என்று நினைப்பதில்லை. மாட்டை ஓட்டிப் போய்ப் பட்டியில் அடைக்கிற வேலை அது. அந்தக் காலத்தில் மாடு ஓட்டிகள் ஊருக்கு வெளியிலிருந்து காளைகளைச் சதுக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். ஊர்க்காரர்கள் கூடவே சேர்ந்து விரட்டினார்கள். போகப்போக முன்னால் ஓடத் தொடங்கினார்கள்.

இப்போதும் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு, சாந்தோ தொமிங்கோ தொழுவத்திலிருந்து காளைச்சண்டை அரங்கம் வரைக்கும் ஓட்டிப் போகிறார்கள். கிட்டத்தட்ட 850 மீட்டர். ஆறு காளைகள், அவற்றுக்கு வழிகாட்டக் கழுத்தில் மணி கட்டிய காயடித்த மாடுகள், பின்னால் நீளக் கழியோடு மாடு ஓட்டிகள். எல்லாம் இரண்டரை, மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும்.

‘கொர்ரிதா’ வேறு. ‘ஓடு’ என்ற வினையிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது, ஆனால் அது சாயங்காலம் அரங்கத்தில் நடக்கும் காளைச்சண்டை. காலையில் ஓடிய அதே ஆறு காளைகளும் அன்றைக்கே அங்கே கொல்லப்படும். எனக்கு அது கடைசிவரை மனசுக்கு ஒப்பவில்லை, ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. உங்கள் கட்டுரையில் அந்த விஷயம் விடுபட்டிருந்தால் தயவுசெய்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நிலா:
உச்சரிப்பு பற்றி ஒன்று. கயல் ‘சி’ என்று எழுதியிருக்கிற அந்த எழுத்தை ஸ்பெயினில் பெரும்பாலும் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் ‘என்தியேர்ரோ’ நெருக்கமாக இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் ‘சி’. ஊர் பம்ப்லோனா என்பதால் ‘தி’யே போடலாம். செந்தில் அண்ணா, ‘என்தியேர்ரீயோ’ என்று இன்னொன்றும் இருக்கிறதே?

செந்தில்:
ஆமாம், ‘சின்ன அடைப்பு’. நான் பார்த்ததிலேயே மனசில் நிற்பது அதுதான். முந்தின நாள் ராத்திரி, ஆற்றங்கரைத் தொழுவத்திலிருந்து சாந்தோ தொமிங்கோவுக்குக் காளைகளை மாற்றுவார்கள். பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். எனக்கு வீட்டுக்கார அம்மா ஒன்று வாங்கிக் கொடுத்தார். யாரும் முன்னால் ஓடக்கூடாது, பேசக்கூடாது, கேமரா ஃபிளாஷ் கூடாது. ஒரு கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. அப்புறம் இருட்டில் கருங்கல் தரையில் குளம்புச் சத்தமும் மணிச் சத்தமும் மட்டும். வேலிக்குப் பக்கத்தில் போனபோது மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நகரம் முழுக்க ஆட்டமும் பாட்டுமாக இருக்க, அந்தச் சரிவில் மட்டும் அப்படியொரு அமைதி.

கயல்:
அப்படியென்றால் ‘காளை அடைப்பு’ என்றே போடுகிறேன், முதல் தடவை மட்டும் விளக்கத்தோடு. கட்டுரையில் நான்கு வாணவெடி என்று வருகிறது. எதற்கு நான்கு?

செந்தில்:
‘அடைப்பு’ அருமை, அதையே வையுங்கள். முதல் வெடி, தொழுவக் கதவு திறந்ததற்கு. இரண்டாவது, எல்லாம் வெளியே வந்ததற்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடினால் மந்தை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கூட்டத்தைவிட்டுத் தனியாகப் பிரிந்த காளைதான் ஆபத்து. மூன்றாவது, எல்லாம் அரங்கத்துக்குள் வந்ததற்கு. நான்காவது, அரங்கத் தொழுவத்தில் அடைத்தாயிற்று என்பதற்கு.

வீட்டுக்கார அம்மாவின் மகன், காளைகள் போகும் வழியிலுள்ள எஸ்தாஃபேத்தா தெருவில் ஓடுகிறவர். மூன்றாவது வெடிக்கு அந்த அம்மா அசையமாட்டார். நான்காவது கேட்ட பிறகுதான் டிவியை அணைத்துவிட்டுக் காப்பி போட எழுந்திருப்பார்.